வலியின் அருமையை உணர்த்திய வைத்தியர்

தாம்பரம் என்றதும் பழைய தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது சானடோரியம். 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. சென்னை நகரம் தான் கண்டு அஞ்சிய வியாதிகளைத் தெற்கே தள்ளியே வைத்திருந்தது. காசம் தாம்பரத்துக்கு வந்தது. அதைக் காட்டிலும் ஜனங்கள் அஞ்சிய வேறொரு வியாதி, அதே ரயில் பாதையில் இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோயில் என்று நிலையங்களைக் கடந்து, கொளவாய் ஏரி கண்ணில் பட்டால் செங்கற்பட்டு வந்துவிட்டது என்று பொருள். அதை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது.

1947-ம் ஆண்டு அந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க ஓர் இளம் டாக்டர் வந்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ரண சிகிச்சை கற்பிக்க வந்திருந்தவர்; வயது முப்பத்து மூன்று. அன்று அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டது. அதன் பயனாக ஆயிரக்கணக்கான கைகளும் கால்களும் பிழைத்தன. தொழுநோயாளிகளின் புண்களைக் கவனித்து அவர் கண்ட உண்மை, குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும், சர்க்கரை வியாதிக்காரர் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படக் கூடியது. அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

பால் பிராண்ட் பெயருக்குத்தான் ஆங்கிலேயர். தவழ்ந்ததும் வளர்ந்ததும் நம்முடைய கொல்லிமலையில். அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாயார் ஈவ்லினும் மலைவாழ் மக்களிடையே தொண்டு செய்ய வந்த கிறிஸ்துவ ஊழியர்கள். 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி அவர்களுக்கு மூத்த பிள்ளையாகப் பால் பிறந்தார். பிறகு கோனி என்ற தங்கை. மலைச் சிறுவர்களோடு சேர்ந்து வெறுங்காலுடன் ஓடுவதும், மரம் ஏறுவதும், தமிழில் பேசுவதுமாக அந்தப் பிள்ளை வளர்ந்தான்.

தந்தை பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. புறப்படுவதற்கு முன் கற்றுக்கொண்ட சிறிதளவு வைத்தியந்தான் கைவசம். ஆனால் மலையில் வேறு வைத்தியர் ஏது? பல் பிடுங்குவதும், கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பதும், காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுப்பதும் அவர் வேலையாயின. சிறுவன் பாலுக்கு இவை ஒன்றும் பிடிக்கவில்லை. ரத்தத்தையும் சீழையும் கண்டால் குமட்டிற்று.

ஒருநாள் முன்பின் அறியாத மூன்று பேர் மலை ஏறி வந்தார்கள். கைகால் விரல்கள் குறைந்து, புண்ணோடு இருந்தார்கள். பிள்ளைகளை விலகி நிற்கும்படி சொல்லிவிட்டு, தந்தை கையுறை அணிந்து அவர்களுடைய பாதங்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். தாயார் ஒரு கூடையில் உணவு கொடுத்தார். அவர்கள் கூடையை விட்டுவிட்டுப் போனார்கள். அது தீயில் எரிக்கப்பட்டது. பெற்றோர் முகத்தில் அச்சம் தெரிந்ததைப் பால் கண்டது அன்றுதான். அந்த மூன்று பேருடைய பாதங்களும் அவர் மனத்தில் பதிந்துபோயின.

கொத்து வேலை கற்றவர்

ஒன்பதாவது வயதில், 1923-ம் ஆண்டு, தங்கையோடு அவர் படிப்புக்காக இங்கிலாந்துக்குச் சென்றார். பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். கப்பல் தபால்தான் இரு பக்கத்தையும் இணைத்தது. 1929-ம் ஆண்டு ஜூன் மாதம், மலையில் கடுமையான மலேரியா காய்ச்சலுக்கு ஜெஸ்ஸி பிராண்ட் பலியானார். தந்திச் செய்தி லண்டனுக்கு வந்த பிறகும், அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இறந்துபோன தகப்பனாரின் கடிதங்களைப் பிரித்துப் படித்த அந்தப் பையனின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

உறவினர் ஒருவர் டாக்டர் படிப்புக்குப் பணம் கொடுக்க முன்வந்தார். பால் மறுத்துவிட்டார். சீழையும் புண்ணையும் காண அவருக்கு விருப்பமில்லை. தந்தையைப்போல் வீடு கட்டத் தெரிந்த ஊழியராக இந்தியாவுக்குத் திரும்பவேண்டும் என்பது அவர் எண்ணம். தச்சு வேலை, கொத்து வேலை, கல் வேலை என்று சில வருஷங்கள் கற்றார். மரத்தின் நரம்போட்டத்தையும் கல்லின் வாட்டத்தையும் அறிந்த கைகள் பின்னால் என்ன வேலைக்கு உதவப்போகின்றன என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

கடல் கடந்து செல்லும் ஊழியர்களுக்குச் சிறிது வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு வருஷப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஓர் இரவு, விபத்தில் ரத்தம் இழந்து வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பிறருடைய ரத்தம் ஏற்றப்பட்டது. கன்னத்தில் சிவப்பு ஏறி, அவள் கண் திறந்து பேசியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அன்றோடு வெறுப்பு அகன்றது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் மணந்துகொண்டார். ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்த காலம் அது. காயம் என்றால் என்ன என்பதை அந்த இரவுகளில் கற்றார்.

யுத்தம் முடிந்தது. வேலூரிலிருந்து அழைப்பு வந்தது. 1946-ல் பால் பிராண்ட் மீண்டும் தமிழ்நாட்டு மண்ணில் கால் வைத்தார். மறு வருஷம் மார்கரெட்டும் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

அந்தக் காலத்தில் தொழுநோய் வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். செங்கற்பட்டு ஆஸ்பத்திரி அவருடைய பொறுப்பில் இருந்தது. அவர்தான் பிராண்டை அங்கே அழைத்துச் சென்று தோட்டமெல்லாம் சுற்றிக் காட்டினார். காக்ரேன் தோல் நிபுணர். ஒவ்வொரு நோயாளியின் தோலையும் காட்டி விளக்கிக்கொண்டே போனார். பிராண்டின் பார்வையோ தோலில் நிற்கவில்லை. கைகளைப் பார்த்தார். மடங்கிப்போன கைகள், பருந்தின் நகம்போல் வளைந்த விரல்கள், பாதி தேய்ந்த விரல்கள், விரலே இல்லாத கைகள்.

கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று அவர் கேட்டார். எலும்பும் தசையும் தம்முடைய துறையல்ல, அது பிராண்டின் துறை என்று காக்ரேன் பதில் அளித்தார். உலகத்தில் லட்சக்கணக்கான பேரை முடமாக்கும் இந்த வியாதியை, எலும்பு ரண சிகிச்சை நிபுணர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

சற்று நேரத்தில், செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிய ஒரு வாலிபனைப் பிராண்ட் கண்டார். அவனுடைய கையில் தம் கையைக் கொடுத்து, முடிந்த அளவு அழுத்தச் சொன்னார். வலுவற்ற கை என்று எண்ணியவருக்குத் துடிதுடித்துப் போயிற்று. இரும்புக் கிடுக்கிபோல அவன் பிடித்தான். தான் பிறரை நோகச் செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அந்த வலியில்தான் பிராண்டுக்கு இரண்டு உண்மைகள் பளிச்சிட்டன. ஒன்று, இந்தக் கையில் உயிருள்ள நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன. மற்றொன்று, இந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை.

அழுகும் சதையா?

தொழுநோய் வந்தால் சதை அழுகி, விரல் தானாக உதிர்ந்துவிடும் என்பதுதான் ஜனங்களின் நம்பிக்கை. டாக்டர்களிலும் பலர் அப்படியே எண்ணினார்கள். ஆகவே புண்ணுக்கு வைத்தியம் செய்வது வீண் என்று கைவிட்டிருந்தார்கள். கெட்ட சதை எப்படி ஆறும் என்பது அவர்கள் வாதம்.

பிராண்ட் அதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். விரல்களிலிருந்து சிறு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சதை சாதாரணமாகவே இருந்தது. நரம்பு மட்டுந்தான் செத்திருந்தது. நோயாளிகளின் காயங்களைக் கட்டிப் பாதுகாத்துப் பார்த்தபோது, மற்றவர்களுக்கு ஆறுவது போலவே அவர்களுக்கும் ஆறிற்று. அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன?

பதில் ஒருநாள் ஒரு பூட்டு வடிவில் வந்தது. அறை ஒன்றின் துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பிராண்ட் எவ்வளவோ முயன்றும் சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து, சாவியைப் பிடித்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். டாக்டர் வியந்து நிற்கையில் தரையில் ரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு பையனுடைய விரலில் எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நமக்கு என்றால், தோல் கிழியும் முன்பே வலி வந்து கையைத் தளர்த்தியிருக்கும். அவனைத் தடுக்க எந்தக் காவலனும் இல்லை.

வேறொரு சமயம், அடுப்பு நெருப்பில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்தார். இன்னும் சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு குறைந்திருந்தது. இது என்ன மாயம் என்று இரவு முழுவதும் விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து தூங்குகிறவரின் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது! அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகள் ஒரு பூனையையும் கொண்டு போவது வழக்கமாயிற்று. வைத்திய சாஸ்திரத்தில் பூனை ஒரு மருந்தாகச் சேர்ந்தது இங்கேதான்.

விரலைத் தின்றது தொழுநோய் அல்ல. தொழுநோய் செய்தது ஒன்றே: வலியைக் கொன்றது. பிறகு வந்த வெட்டும், சூடும், கொப்புளமும், அவற்றில் புகுந்த கிருமிகளுமே விரல்களைக் கொண்டு போயின. மருந்து போடாத சிறு காயந்தான் முழு அங்கத்தையும் விழுங்கியது.

சிறு காயம் பெரும் புண்ணாவது எப்படி?

நம் உடலைப் போர்த்தியிருக்கும் தோல் ஒரு மதில் சுவர். அதன்மேல் எந்நேரமும் கிருமிகள் இருந்துகொண்டே இருக்கின்றன. சுவர் முழுசாக இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. சிறு கீறல் விழுந்தாலும் வாசல் திறந்துவிடுகிறது. உடனே ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து போரிடுகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பதும், சூடேறுவதும், வீங்குவதும் அந்தப் போரின் அடையாளங்கள். மாண்டுபோன அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ்.

இந்தப் போரில் வெற்றி கிடைக்கவேண்டுமானால் காயம்பட்ட இடத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு கொடுக்கச் செய்வது எது? வலிதான். காலில் முள் தைத்தவன் நொண்டுகிறான். விரலில் வெட்டுப்பட்டவள் அந்த விரலைத் தூக்கிக்கொண்டே பாத்திரம் துலக்குகிறாள். யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வலி இல்லாதவனோ புண்ணின்மேலேயே நடக்கிறான். ஒவ்வோர் அடியிலும் சீழ் உள்ளே உள்ளே அழுத்தப்படுகிறது. தசையைத் தாண்டி எலும்பை எட்டுகிறது. எலும்பு சிதைந்து துண்டு துண்டாக வெளிவருகிறது. பாதம் இப்படித்தான் குறைந்துபோகிறது.

ஆகவே உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தைவிட ஓய்வே முக்கியம் என்று பிராண்ட் கண்டார். ஏழைத் தொழிலாளியை மாதக்கணக்கில் படுக்கச் சொல்ல முடியுமா? இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் 1930-களில் ஒரு முறையைக் கையாண்டிருந்தார். புண் உள்ள காலுக்கு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, அதனோடேயே நடக்கவிடும் முறை அது. உடலின் பாரம் ஓரிடத்தில் விழாமல் பாதம் முழுவதும் பரவிவிடும். புண்ணும் உரசாமல் இருக்கும். பிராண்ட் அந்த முறையைக் கைக்கொண்டார். வருஷக்கணக்காக ஆறாத புண்கள் சில வாரங்களில் மூடின.

வேலூரில் புது வாழ்வு

மடங்கிய கைகளை நிமிர்த்தும் வேலையும் கூடவே நடந்தது. முழங்கையருகிலும் மணிக்கட்டருகிலும் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளையே இந்த வியாதி அதிகம் தாக்குகிறது. உடலின் குளிர்ந்த பாகங்களிலே அந்தக் கிருமி செழிப்பதுதான் காரணம். ஆகவே முன்கையில் சில தசைகள் எப்போதும் தப்பிவிடுகின்றன. அந்த நல்ல தசையின் நாணைப் பிரித்து, செயலற்ற விரலுக்குக் கொண்டுபோய் இணைத்தால் என்ன? தச்சனும் கொத்தனும் கயிற்றையும் கப்பியையும் எண்ணுவது போல அவர் எண்ணினார். 1948-ல் வேலூரில் முதல் ரண சிகிச்சை நடந்தது. மடங்கிய விரல்கள் விரிந்தன.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தொழுநோயாளியை உள்ளே சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் பலர் அஞ்சினார்கள். மெல்ல மெல்லத்தான் படுக்கைகள் கிடைத்தன. கை சரியானவர்களுக்கும் வேறொரு தொல்லை. முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சை போட்டார்கள். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, வியாதிக்காரன் என்பதால் வேலையும் இல்லை. அதற்காகவே 1951-ல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைந்தது. மண்சுவர்க் குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. பிராண்ட் அங்கே தம் பழைய தொழிலைக் கற்றுக்கொடுத்தார். வாலிபர்கள் மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள்.

அந்தப் பட்டறைதான் காயங்களைப் பற்றிய பெரிய பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. தினமும் எல்லோருடைய கைகளும் கால்களும் பரிசோதிக்கப்பட்டன. ஒரு கொப்புளம் தென்பட்டாலும் அது எப்படி வந்தது என்று துப்பறியாமல் விடமாட்டார்கள். சூடான டம்ளரைப் பிடித்ததாலா? சுத்தியலின் கைப்பிடி மெலிந்திருந்ததாலா? செருப்பில் ஆணி நீட்டிக்கொண்டிருந்ததா? காரணம் தெரிந்ததும் அதை நீக்கினார்கள். கைப்பிடியைப் பருமனாக்கித் துணி சுற்றினார்கள். செருப்பில் மெத்தென்ற ரப்பர் பதித்தார்கள். வியர்வை நரம்பும் செத்துவிட்டதால் வறண்டு வெடிக்கும் பாதங்களைத் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகாதபடி எண்ணெய் தடவினார்கள். புதுப் புண்கள் அருகிவிட்டன.

மார்கரெட் பிராண்ட் கண் வைத்தியத்தில் இதே பாடத்தைக் கற்றார். கண்ணில் உணர்ச்சி போனவர்கள் இமைப்பதில்லை. தூசி விழுந்தாலும் தெரிவதில்லை. கருவிழியில் சிறு கீறல் புண்ணாகிப் பார்வையே போய்விடும். இமையைச் சீர்செய்து பலருடைய பார்வையை அவர் காப்பாற்றினார்.

ஓர் இரவு

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், கப்பலிலிருந்து இறங்கி ரயிலில் லண்டனுக்கு வந்த பிராண்ட், இரவு விடுதியில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் தொட்ட உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. எத்தனையோ ஆண்டுகள் தொழுநோயாளிகளோடு பழகியவருக்கு வேறு என்ன தோன்றும்? மனைவி மக்களைப் பிரிந்து வாழ்வதைப் பற்றியும், பாதியில் நிற்கப்போகும் வேலையைப் பற்றியும் எண்ணியபடியே, உடைகூட மாற்றாமல் அந்த இரவைக் கழித்தார்.

பொழுது விடிந்ததும் ஊசியை எடுத்து மீண்டும் குத்தினார். சுரீர் என்றது! வலி தாங்காமல் அலறினார். உடல்நலமின்றி ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் ஒரு நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த ஊசிக் குத்தின் வலியைப் போல் இனிமையான உணர்ச்சியை அவர் அதற்கு முன் அனுபவித்ததில்லை. வலி ஒரு சாபம் என்று உலகம் சொல்லுகிறது. அது ஒரு வரம் என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

விலைக்கு வாங்க முடியாத பொருள்

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது; மறு வருஷம் பிரிட்டிஷ் அரசின் ஸி.பி.ஈ. பட்டம். வேலூருக்கு அருகில் கரிகிரியில் ஏற்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியின் வளர்ச்சியிலும் அவருடைய பங்கு பெரிது. 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்திலுள்ள கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்று, இருபது ஆண்டுகள் அங்கே பணி புரிந்தார்.

கார்வில்லில் அவர் ஒரு விசித்திரமான முயற்சியில் இறங்கினார். வலி இல்லாதவர்களுக்கு யந்திரத்தால் வலி உண்டாக்கித் தரலாமே என்பது அது. கையுறையிலும் காலுறையிலும் நுண்ணிய கருவிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் அதிகமானால் ஒலி எழும், விளக்கு மின்னும். நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்! நிறுத்த முடிந்த வலியால் பயனில்லை என்பது தெளிவாயிற்று. பெரும் பணமும் பல வருஷ உழைப்பும் செலவான பிறகு முயற்சி கைவிடப்பட்டது. நம் ஒவ்வொருவரின் சுண்டுவிரலிலும் இனாமாகக் கிடைக்கும் பொருளை விஞ்ஞானத்தால் செய்ய முடியவில்லை.

ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்தது. அமெரிக்காவில் தொழுநோயாளிகள் சில ஆயிரம் பேர்தாம். நீரிழிவு நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கும் பாதம் மரத்துப்போகிறது, அவர்களும் புண்ணோடு நடக்கிறார்கள், காலை இழக்கிறார்கள். செங்கற்பட்டிலும் வேலூரிலும் கற்ற பாடத்தைப் பிராண்ட் அவர்களுக்குச் சொன்னார். மாவுக்கட்டு, மெத்தென்ற செருப்பு, தினசரிச் சோதனை எல்லாம் நீரிழிவுப் பாத வைத்தியத்தின் அடிப்படையாக உலகெங்கும் பரவின. இன்று குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ செருப்புக் கடையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் கேட்டு வாங்கும் எம்.ஸி.ஆர். செருப்புக்குப் பின்னால், விரல் இழந்த நம் ஊர் ஏழைகளின் பாதங்கள் இருக்கின்றன.

அவருடைய தாயாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு பெறும் வயதில் ஊர் திரும்பாமல் மலைக்கே திரும்பிய அந்த அம்மையார், தொண்ணூற்றைந்து வயது வரை மலை ஜனங்களுக்குத் தொண்டு செய்து 1974-ல் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகன் பால் பிராண்ட் 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் காலமானார்.

வீட்டுக்கு ஒரு பாடம்

திருமணி ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்று, தொழுநோய்க்கான போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்த வியாதி இன்று முழுவதும் குணமாகிறது. உடலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும், மருந்து இலவசம். கை மடங்கும்வரை காத்திருக்கவேண்டிய காலம் போய்விட்டது.

ஆனால் காயம் படாத வீடு இல்லை. சைக்கிளிலிருந்து விழும் பையனுக்கும், அரிவாள்மணையில் விரலைக் கீறிக்கொள்ளும் தாய்க்கும், கம்பியும் கல்லும் கையாளும் தொழிலாளிக்கும் பிராண்டின் பாடம் பொருந்தும். அதை இன்றைய வைத்திய முறையோடு சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லலாம்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தை நன்றாகக் கழுவி, மண்ணும் தூசியும் போகச் செய்யவேண்டும். சுற்றியுள்ள தோலைச் சோப்பால் கழுவலாம். காபித்தூள், சாம்பல், சாணம், சுண்ணாம்பு இவற்றை அப்புவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். மஞ்சள்தூளும் திறந்த காயத்துக்கு வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக் கட்டி, கட்டு நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்ற வேண்டும். காயம்பட்ட பாகத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியோ, மண் படிந்த கம்பியோ, முள்ளோ ஆழமாகக் குத்தியிருந்தால், தனுர்வாயுத் தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேட்கவேண்டும். நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும்.

மறுநாளும் காயத்தைப் பார்க்கவேண்டும். சிவப்பு பரவினாலும், சூடும் வீக்கமும் ஏறினாலும், சீழ் வந்தாலும், நெறி கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு அது எல்லை. டாக்டரிடம் போயாக வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. வலி இல்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி அல்ல. வெறுங்காலுடன் வெயிலில் நடக்கக்கூடாது. கோயில் பிராகாரத்துக் கல்லிலும் எச்சரிக்கை வேண்டும். செருப்பைப் போடுமுன் தட்டிப் பார்க்கவேண்டும். வெந்நீரைக் காலால் சோதிக்கக்கூடாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவக்கூடாது. கொப்புளமோ கீறலோ கண்டால், எவ்வளவு சிறிதானாலும், வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டவேண்டும். இரவு படுக்கைக்குப் போகுமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குனிய முடியாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அல்லது தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தைக் காட்டித் தாமே பார்த்துக்கொள்ளலாம். வலி என்னும் காவலன் உறங்கிவிட்ட வீட்டில், கண் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் போதும்.